மூன்றாம் ஸ்குவாட்ரனின் ஆள்பலம்

என் அத்தானுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது ராணுவத் தலைமையகத்திலிருந்து மூன்று வண்டிகளில் மருத்துவர்கள் வந்து இறங்கினார்கள்.

சாதாரணமாக ஒரு சார்ஜென்டின் கன்னம் வீங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாலு நாள் வீட்டில் படு, புளிப்பாக எதையும் தின்னாதே என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அத்தானின் விஷயம் வேறு. அவர் ஒரு ஹெலிகாப்டர் ரெஜிமென்ட்டின் மூன்றாம் ஸ்குவாட்ரனில் வேலை பார்த்தார். ரெஜிமென்ட்டின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினமும் காலையில் தன் ஆட்களில் எத்தனை பேர் ஆஜர், எத்தனை பேர் விடுப்பு, எத்தனை பேர் நோய் என்று தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும். தலைமையகத்தில் கணக்கில் ஆசை உள்ள யாரோ ஒருவர், எண்ணாகச் சொன்னால் ஒன்றும் புரியவில்லை, சதவீதமாகச் சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டிருந்தார். அன்று காலை மூன்றாம் ஸ்குவாட்ரனிலிருந்து போன தகவல்: தொற்றுநோய், நூறு சதவீதம்.

ஒரு ஸ்குவாட்ரன் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டது என்றால் எந்தத் தலைமையகம்தான் சும்மா இருக்கும்.

வந்தவர்களுக்குத் தலைமை ஒரு பெண் மேஜர், டாக்டர். முகமூடியும் கையுறையுமாக இறங்கியவர், மூன்றாம் ஸ்குவாட்ரனின் ஹேங்கரில், அதாவது ஹெலிகாப்டர்களை நிறுத்தும் பெரிய தகரக் கொட்டகையில், நாற்பது மடக்குக் கட்டில்களை வரிசையாகப் போடச் சொன்னார். ஒரு கட்டிலில் அத்தான் வந்து படுத்தார். மற்றவை காலியாகக் கிடந்தன.

"மத்தவங்க எங்கே?" என்று கேட்டார் டாக்டர்.

"மத்தவங்க இல்லை மேடம்." தாடை வீங்கியிருந்ததால் அத்தானுக்குப் பேச்சு குழறியது.

டாக்டர் காலிக் கட்டில்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்போ போனாங்க?" என்றார்.

"ரொம்ப வருஷம் ஆச்சு மேடம். எல்லாரும் மாத்தல்ல போயிட்டாங்க."

இதை எனக்கு அக்கா தொலைபேசியில் சொன்னாள். ஊரை விட்டு வந்தவனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தாலே பயம். அதிலும் "உங்க அத்தானைத் தனியா வெச்சுட்டாங்கடா" என்று ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். நான் அவசரமாக டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்திருந்தேன். "அவரு எப்பவுமே தனியாத்தானே இருக்காரு" என்று அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நோய் அவள் வழியாகத்தான் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். வகுப்பில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கியிருந்ததாம்.

அந்த ரெஜிமென்ட் ஆரம்பமானது ஒரு பலூனில். ஒரு கூடை, கூடைக்குள் தூரத்தைப் பார்க்கும் கண்ணாடியோடு ஒருவர், கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முப்பது பேர். மேலே போனவருக்குப் பதக்கம் கிடைத்தது, கீழே நின்றவர்களுக்கு உள்ளங்கையில் கொப்புளம். பிறகு பலூன் போய், துணி போர்த்திய குட்டி விமானங்கள் வந்தன. அவையும் போய் ஹெலிகாப்டர்கள் வந்தன. கயிறு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அவர்களுடைய தொப்பிச் சின்னத்தில் ஒரு கயிற்று முடிச்சு இருக்கிறது. புதிதாகச் சேரும் எந்தப் பையனும் முதல் வாரத்தில் "ஹெலிகாப்டருக்கு எதுக்குக் கயிறு?" என்று கேட்டுவிடுவான். "நீ ஓடிப் போயிடாம கட்டி வைக்க" என்பார்கள் பழைய ஆட்கள்.

முதல் ஸ்குவாட்ரனிடம் சின்ன ஹெலிகாப்டர்கள். அவை முன்னால் போய் வேவு பார்க்கும். இரண்டாம் ஸ்குவாட்ரனிடம் பெரியவை. அவை ஆட்களையும் மூட்டைகளையும் தூக்கும். பழுது பார்க்க ஒரு பணிமனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்னல். சண்டை போடுவதற்கென்று ராக்கெட் பொருத்திய ஹெலிகாப்டர்கள் மூன்றாம் ஸ்குவாட்ரனுக்கு வருவதாக இருந்தது. கொட்டகை கட்டினார்கள். ஒவ்வொரு ஹெலிகாப்டரும் நிற்க வேண்டிய இடத்துக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். வரும் ஹெலிகாப்டர்களை வரவேற்க ஏழு பேர் கொண்ட முன்னேற்பாட்டுக் குழுவை அனுப்பினார்கள். அதில் அத்தான் ஒருவர்.

ஹெலிகாப்டர்கள் வந்துகொண்டே இருந்தன. அதாவது, வருகின்றன என்ற செய்தி வந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் என்றார்கள். விலை ஏறிவிட்டது என்றார்கள். அரசு மாறியது, அமைச்சர் மாறினார், ஹெலிகாப்டர் செய்யும் நாட்டோடு சண்டை வந்தது, சமாதானம் வந்தது. இதற்கிடையில் ஏழு பேரில் ஆறு பேர் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அத்தானை மட்டும் விடவில்லை. காரணம், டிராக்டர்.

நிறுத்தி வைத்த ஹெலிகாப்டரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து வரவும் திரும்ப உள்ளே தள்ளவும் ஒரு இழுவை டிராக்டர் உண்டு. குட்டையாக, கனமாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூன்றாம் ஸ்குவாட்ரனுக்கு வந்து சேர்ந்த ஒரே வாகனம் அதுதான். அத்தான் அதன் ஓட்டுநர். ஓட்டாமல் போட்டால் இன்ஜின் இறுகிவிடும் என்பதால் ஓட்டுநரும் இருக்க வேண்டியதாயிற்று.

எனவே தினமும் காலையில் அவர் கொட்டகைக் கதவைத் திறப்பார். டிராக்டரைக் கிளப்புவார். பின்னால் கொக்கியை மாட்டுகிற இடத்தில் மாட்டிப் பார்ப்பார், எதிலும் மாட்டாமல். இடது பக்கம் இறக்கை இடிக்காமல் இருக்கிறதா, வலது பக்கம் இடிக்காமல் இருக்கிறதா என்று இல்லாத இறக்கைகளைப் பார்த்துத் தலையசைப்பார். ஹாரன் அடிப்பார். பிறகு ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில், அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடப் போகாமல், ஒன்றும் இல்லாததை இழுத்துக்கொண்டு வெளியே வந்து வட்டமடித்து உள்ளே போவார். பாட்மின்டன் ஆடக் கொட்டகையைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் மஞ்சள் கோட்டைக் காட்டித் துரத்தினார். "அங்க ஹெலிகாப்டர் நிக்கிற இடம். செருப்போட மிதிக்காதீங்க."

ரெஜிமென்ட்டில் அவருக்குப் பெயரே "ஸ்குவாட்ரன்" என்றாகிவிட்டது. "ஸ்குவாட்ரன் டீ குடிக்கப் போயிருக்கு" என்பார்கள். "ஸ்குவாட்ரனுக்குப் புது பூட்ஸ் வேணுமாம்." ஒருமுறை அக்கா கடைக்குப் போனபோது, "உங்க வீட்ல ஸ்குவாட்ரன் தூங்குதா?" என்று யாரோ கேட்டார்களாம். "ஆமா, முழுசா படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அணிவகுப்பு நாளில்தான் வேடிக்கை. ரெஜிமென்ட் நாள் அன்று எல்லா ஹெலிகாப்டர்களும் வரிசையாகத் தலைக்கு மேல் பறக்கும். ஸ்குவாட்ரன் எண்ணின்படி பறக்க வேண்டும் என்பது விதி. முதலில் முதலாவது, அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது, கடைசியாகப் பணிமனையின் ஒற்றை ஹெலிகாப்டர். மூன்றாவதுக்குப் பறக்க ஒன்றுமில்லை என்பதற்காக வரிசையைச் சுருக்க முடியுமா. எனவே மூன்றாவதின் இடத்தை அப்படியே காலியாக விட்டுப் பறப்பார்கள். கடைசியில் வரும் பணிமனை விமானி, வெகு தூரம் தள்ளி, வழி தவறி வந்தவர் மாதிரி தனியாக வருவார். அந்த வெற்று வானம் மேடையைக் கடக்கும்போது ஒலிபெருக்கியில் "மூன்றாம் ஸ்குவாட்ரன்" என்று அறிவிப்பார்கள். கீழே அத்தான் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். விருந்தினர்கள் அண்ணாந்து பார்த்துக் கை தட்டுவார்கள். ஏதோ கண்ணுக்குத் தெரியாத வகை விமானம் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இதையெல்லாம் ஏன் யாரும் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். மூன்று ஸ்குவாட்ரன் உள்ள ரெஜிமென்ட்டுக்குக் கர்னல் தலைவராக இருப்பார். இரண்டே இரண்டு என்றால் ஒரு படி கீழே உள்ளவர் போதும். ஆக, கர்னல் கர்னலாக இருப்பது அத்தானின் தோளில் நின்றது. அதனால் கர்னல் அவரை மோட்டார் சைக்கிள் ஓட்ட விடமாட்டார். மழை வந்தால் "குடை எடுத்துட்டுப் போனானா?" என்று விசாரிப்பார். அத்தானின் உடம்பை அவர் கவனித்த அளவுக்கு என் அக்காகூடக் கவனித்ததில்லை.

அத்தானுக்கும் மூன்றாம் ஸ்குவாட்ரன் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் பாப்பா. கல்யாணமான புதிதில் அவரை ஊர் ஊராகத் தூக்கிப் போட்டார்கள், குடும்பத்துக்கு வீடு கிடைக்காத இடங்களாகப் பார்த்து. பாப்பா பிறந்து, தவழ்ந்து, நடந்ததெல்லாம் அவர் போனில் கேட்டதுதான். லீவில் வந்து கதவைத் தட்டினால் குழந்தை உள்ளே பார்த்து, "அம்மா, அந்த மாமா வந்திருக்காங்க" என்று கத்தும். அதற்கு அப்போது நாலு வயது. மூன்றாம் ஸ்குவாட்ரனுக்கு வந்த பிறகுதான் குவார்ட்டர்ஸ் கிடைத்து, மாமா அப்பா ஆனார். அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள். "இனிமே மாத்தல்னு வந்தீங்கன்னா நீங்க மட்டும் போங்க. நாங்க வரமாட்டோம். இவ மறுபடியும் உங்களை மாமான்னு கூப்பிட்டா எனக்குத் தெரியாது."

பாப்பா என்கிற என் மருமகளுக்கு இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் ஆரம்பமாகியிருந்தது. இன்னும் ஒரே ஒரு வருஷம் அத்தான் அங்கே இருந்துவிட்டால் போதும். பொன்னுக்கு வீங்கி வந்தது அந்த நேரம் பார்த்து.

திரும்பிப் போன டாக்டர், கண்டதைக் கண்டபடி தலைமையகத்தில் சொல்லிவிட்டார். தலைமையகம் பதிமூன்று வருஷத்தில் முதல்முறையாக மூன்றாம் ஸ்குவாட்ரனைப் பற்றி யோசித்தது. ரெஜிமென்ட்டின் அமைப்பை நேரில் பார்வையிட ஒரு பிரிகேடியர் வருவார் என்று தகவல் வந்தது. மூன்றாம் ஸ்குவாட்ரன் வேண்டாம் என்று அவர் எழுதிவிட்டால், அத்தான் நாட்டின் மறுகோடியில் உள்ள உதிரிபாகக் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே குடும்பத்துக்கு வீடு கிடையாது.

அந்தச் சமயத்தில் நான் லீவில் போயிருந்தேன். பிரிகேடியர் வருவதற்கு முந்தின நாள் கர்னல் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். சமையலறையில் நாலு பேர் உட்காரும் மேஜையில், பாப்பாவின் புத்தகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அத்தான் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருப்பா. நீ ஒரு ஸ்குவாட்ரன்."

அத்தான் உட்கார்ந்தார்.

"நாளைக்கு முதல் ஸ்குவாட்ரன்ல இருந்து இருபது பேர் உன் கொட்டகையில வந்து நிப்பாங்க. ஒரு நாளைக்கு அவங்க உன் ஆளுங்க."

"சரி சார். ஹெலிகாப்டர்?"

"அதுக்குத்தான் வந்தேன். பிரிகேடியர் முதல்ல முதல் ஸ்குவாட்ரனைப் பாக்குறாரு. பாத்து முடிச்சதும் நான் அவரை டீக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அந்த நேரத்துல நீ போய் அங்கேருந்து ஒரு ஹெலிகாப்டரைப் பின்பக்க ரோடு வழியா இழுத்துட்டு வந்து உன் கொட்டகையில நிறுத்திடு. அடுத்து அவரு உன்கிட்ட வருவாரு."

"அது சின்ன ஹெலிகாப்டர் சார். ராக்கெட் இல்லையே."

"அவரு காலாட்படை ஆளுப்பா. மேல ஏதாவது சுத்தினா போதும், எல்லாம் ஒண்ணுதான் அவருக்கு."

நான் குறுக்கே புகுந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. "வால்ல நம்பர் எழுதியிருக்குமே சார். கவனிச்சுட்டார்னா?"

"யார் இது?" என்று கேட்டார் கர்னல்.

"என் தம்பி. அவனுக்கு எல்லாத்துக்கும் பயம்," என்றாள் அக்கா. "நீங்க டீ குடிங்க சார்."

கர்னல் போன பிறகு அக்கா அத்தானைப் பார்த்து, "வேகமா இழுத்துட்டு வந்துருவீங்கல்ல?" என்றாள். அவர் முகத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் களை வந்திருந்தது. பதிமூன்று வருஷமாக வெறும் கொக்கியை இழுத்தவருக்கு நாளைக்கு அதில் ஒரு நிஜ ஹெலிகாப்டர் மாட்டப்போகிறது. சாப்பிடும்போது சாம்பாருக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் அந்தப் பின்பக்க ரோடு அப்படியே தெரியும். மறுநாள் காலையில் அக்காவும் நானும் காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு அங்கே நின்றோம். பாப்பா புத்தகத்தோடு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

பிரிகேடியரின் ஜீப் முதல் ஸ்குவாட்ரன் பக்கம் போனது, நின்றது, திரும்பியது, டீ குடிக்கும் கட்டடத்தின் பக்கம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் தவளை டிராக்டர் ரோட்டில் வந்தது. அதன் பின்னால், வாலைத் தூக்கிக்கொண்டு, ஒரு ஹெலிகாப்டர்.

"வந்துட்டாருடா," என்றாள் அக்கா.

அவர் வந்தார். ஆனால் எப்படி வந்தார் என்பதுதான் விஷயம். ஹெலிகாப்டரின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவரை நடக்கவிட்டிருந்தார், இடிக்கிறதா என்று பார்க்க. வாலுக்கு ஒருவர். உள்ளே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர். ஒவ்வொரு பத்து அடிக்கும் டிராக்டரை நிறுத்தி, இறங்கி, கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார். ரோடு லேசாக வளையும் இடத்தில் ஹாரன் அடித்தார். யாருமில்லாத ரோடு.

"இவரு எதுக்குடா ஊர்வலம் வராரு?" அக்காவின் குரல் ஏறியது. "அக்கம்பக்கம் பாக்காம இழுத்துட்டு ஓட வேண்டியதுதானே."

"முறைப்படி செய்யறார்க்கா."

"இந்த மனுஷன் முறையிலேயே நம்மளைக் கிடங்குக்கு அனுப்பிடுவாரு."

"அம்மா," என்றாள் பாப்பா தொட்டி மேலிருந்து. "ஜீப்."

பிரிகேடியருக்கு டீ பிடிக்காதாம். அது கர்னலுக்குத் தெரியாது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, சுற்றிப் போக வேண்டாம், பின்பக்க ரோட்டில் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஜீப் வேகமாக வந்து ஹெலிகாப்டரின் வாலுக்குப் பின்னால் நின்றது. அந்த மைதானத்தில் ஒரு விதி உண்டு: இழுத்துச் செல்லப்படும் ஹெலிகாப்டரை எந்த வண்டியும் முந்தக் கூடாது, ஜனாதிபதியே வந்தாலும். ஜீப் ஓட்டுநர் விதி தெரிந்தவர். எனவே மூன்றாம் ஸ்குவாட்ரனைப் பார்க்க வந்த பிரிகேடியர், மூன்றாம் ஸ்குவாட்ரன் நடக்கும் வேகத்தில், மூன்றாம் ஸ்குவாட்ரனுக்குப் பின்னால், வாலில் எழுதிய எண்ணை மூக்குக்கு நேரே பார்த்தபடி ஊர்ந்து வந்தார். அத்தான் பத்து அடிக்கு ஒருமுறை இறங்கும்போதெல்லாம் ஜீப்பைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். பிறகு கொக்கியைப் பார்த்தார்.

மாடியிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கொட்டகையில் நடந்ததை அத்தான் வந்து சொன்னார்.

ஹெலிகாப்டரை மஞ்சள் கோட்டுக்குள் சரியாக நிறுத்திவிட்டு அவர் இறங்கியபோது பிரிகேடியர் அங்கே நின்றுகொண்டிருந்தாராம். மெலிந்த மனிதர், தூக்கம் போதாத கண்கள். பின்னால் கர்னல், இரத்தமே இல்லாத முகத்தோடு.

"இதை நான் இப்பத்தானே பாத்தேன்?" என்றார் பிரிகேடியர்.

"ஆமாங்க சார். முதல் ஸ்குவாட்ரனோடது."

"இங்க எதுக்கு வந்திருக்கு?"

"நீங்க பாக்குறதுக்கு சார்."

கர்னல் இருமினார். பிரிகேடியர் வரிசையில் நின்ற இருபது பேரையும் பார்த்தார். "மூணாவது ஸ்குவாட்ரன் ஆளுங்க மட்டும் நில்லுங்க. மத்தவங்க போகலாம்," என்றார். வந்த இருபது பேரும் அவ்வளவு சுறுசுறுப்பாகக் கலைந்ததை அத்தான் அதற்கு முன் பார்த்ததில்லையாம். கொட்டகை காலியானது. டிராக்டர் பக்கத்தில் அத்தான் மட்டும் நின்றார்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"பதிமூணு வருஷமா சார்."

"ஏன் யார்கிட்டேயும் சொல்லலை?"

"தினமும் காலையில சொல்றேனே சார். ஆஜர், நூறு சதவீதம்னு."

பிரிகேடியர் மஞ்சள் கோடுகளின் ஓரமாகவே நடந்து கொட்டகையைச் சுற்றி வந்தாராம். அத்தானுக்கு அது பிடித்துப்போயிற்று. "கோட்டை மிதிக்கலை மச்சான். படிச்ச ஆளு," என்றார் என்னிடம். திரும்பி வந்து பிரிகேடியர் கேட்டிருக்கிறார், "உனக்கு இங்க என்ன வேணும்? உண்மையைச் சொல்லு."

"பொண்ணு ஸ்கூல் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு சார். அதுவரைக்கும் ஹெலிகாப்டர் வரலைன்னாக்கூடப் பரவாயில்லை."

"இந்த ஸ்குவாட்ரனைக் கலைக்கணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"வேற வழி கிடையாது."

"சரிங்க சார்." பிறகு, விட்டுப்போகக் கூடாதே என்று, "கொட்டகைக் கதவுல மேல் தாழ் கொஞ்சம் இறுகும் சார். புதுசா வர்றவங்ககிட்ட சொல்லணும்," என்றிருக்கிறார்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்: கிடங்குக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா, பாப்பாவை ஒரு வருஷம் விடுதியில் சேர்க்கலாமா, நான் பணம் அனுப்பட்டுமா. அக்கா "நீ கொஞ்சம் வாயை மூடிட்டு சாப்பிடறியா," என்றாள். அத்தான் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி துடைத்தார். அக்கா அந்தப் பெட்டியைப் பார்க்காமலே பாத்திரம் கழுவினாள்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள் கடைசியில், குழாயைப் பார்த்து. "வீட்டைக் காலி பண்ணச் சொன்னா வாடகைக்கு எங்கேயாவது பாத்துக்கிறேன்."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சொல்லாதீங்க. ஹெலிகாப்டரை மட்டும் ஒரு மைல் தூரத்துக்கு ஊர்வலம் விடத் தெரியுதுல்ல."

"இடிச்சிருந்தா?"

"எதுல இடிக்கும்? அந்த ரோட்ல ஒரு செடிகூட இல்லை."

"அப்பா," என்றாள் பாப்பா. "இழுக்கும்போது எப்படி இருந்துச்சு?"

அத்தான் துணியைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். "கனமா இருந்துச்சும்மா," என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள், சத்தம் இல்லாமல்.

உத்தரவு வரும்வரை நான் இருந்தேன். அதை எடுத்துக்கொண்டு கர்னல் சைக்கிளில் வந்தார். சைக்கிளில் வரும் கர்னலைப் பார்த்தால் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வாசலிலேயே சிரித்தார்.

"கலைக்கச் சொல்லிட்டாங்க," என்றார்.

"அதுக்கா சிரிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"முழுசாக் கேளும்மா. ஒரு ஸ்குவாட்ரனைச் சும்மா கலைச்சிட முடியாது. அதுக்கு விதி இருக்கு. யாரோ புண்ணியவான் நூத்துக்கணக்குல ஆள் இருக்கிற ஸ்குவாட்ரனை மனசுல வெச்சு எழுதியிருக்கான். கலைக்கிறதுக்குன்னு தனியா ஒரு குழு அனுப்பணும். கிளார்க், ஸ்டோர்ஸ் ஆளுங்க, எலக்ட்ரீஷியன், சமையல்காரர், எல்லாம் சேத்துப் பதினொரு பேர். ஆணியில இருந்து கதவு வரைக்கும் எண்ணி, சரிபார்த்து, ஒப்படைக்கணும். ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. அதுவரைக்கும் ஏற்கெனவே இருக்கிற ஆள் யாரையும் நகத்தக் கூடாது."

"ஏற்கெனவே இருக்கிறது இவரு ஒருத்தர்தான்."

"அதான் சொல்றேன். குழுவுக்குப் பொறுப்பு யாருன்னா, அந்த ஸ்குவாட்ரன்லயே இருக்கிறவங்கள்ல மூத்தவர்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் பரணைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் கணக்குப்படி ரெஜிமென்ட்டுக்கு மூணு ஸ்குவாட்ரன்," என்றார் கர்னல், தன் தொப்பியைச் சரி செய்துகொண்டு. அவர் ஓய்வு பெற இன்னும் பத்து மாதம்தான் இருந்தது. பிரிகேடியர் இந்த விதியைத் தெரிந்துகொண்டே எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று நான் கேட்டேன். "அதையெல்லாம் கேட்டு வைக்காதே தம்பி," என்றார் கர்னல்.

பெட்டி பரணுக்குப் போனது. நானும் வேலைக்குத் திரும்பினேன்.

கலைக்கத் தொடங்கிய பிறகுதான் மூன்றாம் ஸ்குவாட்ரன் முதல்முறையாக ஒரு ஸ்குவாட்ரன் மாதிரி ஆனது. காலையில் அத்தானுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். முதல் நாள் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "என்ன வேலை சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த வேலை கொட்டகைக் கதவைத் திறப்பது ஒன்றுதான். பன்னிரண்டு பேரும் போய்த் திறந்திருக்கிறார்கள்.

"அவசரப்படாமக் கலைங்க," என்று அக்கா தினமும் சொல்லி அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து அத்தானே போன் செய்தார். அவர் போன் செய்கிற ஆள் இல்லை. நான் வழக்கம்போல டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தேன்.

"ஒரு பிரச்சினை மச்சான். ஸ்டோர்ஸ்ல ஒரு பையன் வந்திருக்கான். நல்ல பையன். கெட்டிக்காரன். ஆனா எண்ணிட்டே இருக்கான்."

"எண்ணத்தானே வந்திருக்கான் அத்தான்."

"இல்லை, விடாம எண்றான். சாப்பிடப் போக மாட்டேங்கிறான். கொக்கி, ஆணி, பல்பு எல்லாம் முடிச்சுட்டான். இப்படியே போனா பாப்பாவுக்கு அரைப் பரீட்சை வர்றதுக்குள்ள கொட்டகையையே மடிச்சுக் கொடுத்துடுவான். விதியில ஒரு வருஷம்னு இருந்தா என்ன, வேலை முடிஞ்சுபோச்சுன்னு எவனாவது சொல்லிட்டான்னா?"

"திரும்ப எண்ணச் சொல்லிப் பாருங்க."

"சொன்னேன். ரெண்டாவது தடவை இன்னும் வேகமா எண்ணிட்டான்."

எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது. "இப்போ என்ன பண்ணப்போறீங்க?"

"பண்ணிட்டேன். லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பிட்டேன்."

"லீவு கேட்டானா?"

"அவன் எங்கே கேட்டான். வேண்டாம் சார், வேண்டாம் சார்னு அழாத குறை. ஸ்குவாட்ரனோட நலனைப் பாக்கணும்ல மச்சான், நானா கொடுத்துட்டேன்." ஒரு நொடி நிறுத்தினார். பின்னால் பாப்பா ஏதோ பாடத்தைச் சத்தமாகப் படிப்பது கேட்டது. "இன்னிக்கு ஆஜர் தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு சதவீதம். இதைக் கணக்குப் போடறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."